கொமிக்ஸ் போடுகிறவர்களிடம் வானொலியில் என்னதான் கேட்கிறார்கள்?

கொட்டாஞ்சேனைப் பென்சில்:
போன ஞாயிறு ஒரு தனியார் எப்எம்மில் சொந்தக் காசில் சித்திரக்கதைப் புத்தகம் போட்ட பெடியன் ஒருவனைப் பேட்டி எடுத்தார்கள். சந்தோசமாக ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டேன். சின்ன வயதில் எந்தக் கொமிக்ஸ் பிடிக்கும், வீட்டில் ஆதரவு எப்படி, வளர்ந்துவரும் இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள், உங்களுக்குப் பிடித்த பாட்டு எது. பாட்டையும் போட்டார்கள், முழுசாக. புத்தகம் எத்தனை பக்கம், கலரா கறுப்பு வெள்ளையா, என்ன கதை, யார் அச்சடித்தது, விலை என்ன, ஒன்றுமே வரவில்லை. எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவன் சொல்ல வாயெடுத்த நேரம் பார்த்து விளம்பரம் வந்தது.

படம் காட்ட முடியாத இடத்தில் படக்கதையைப் பற்றிக் கதைப்பது கஷ்டம் என்று சொல்வார்கள். அது சாக்கு. இதே வானொலிகள்தான் பந்து எந்தப் பக்கம் சுழன்றது, மட்டை எந்தக் கோணத்தில் இருந்தது என்று கிரிக்கெட் வர்ணனையில் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகின்றன. ஒரு பக்கத்தில் எத்தனை கட்டம், எந்தக் கட்டம் பெரிசு, ஏன் அது பெரிசு என்று கேட்டால் அவன் சொல்லியிருப்பான், எங்களுக்கும் தெரிந்திருக்கும். நல்ல பேட்டி, தமிழிலோ வேறு மொழியிலோ, கேட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள். எனக்கு இப்போதைக்குக் கோபம் மட்டும்தான் இருக்கிறது.

ஒலிவாங்கி:
நான் எப்எம்மில் வேலை செய்கிறேன், எது என்று கேட்காதீர்கள். அந்தப் பேட்டி எங்களுடையது இல்லை, ஆனால் எங்களுடையதாக இருந்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும், அதனால் சொல்கிறேன். காலை நிகழ்ச்சியில் இரண்டு பாட்டுக்கு நடுவில் கிடைப்பது நாலைந்து நிமிடம். விருந்தினர் கலையகத்துக்குள் வரும்போதுதான் புத்தகமே அறிவிப்பாளரின் கைக்கு வரும். அட்டையைப் பார்ப்பார், பின் அட்டையைப் பார்ப்பார், சிவப்பு விளக்கு எரியும். பிறகு சின்ன வயது ஞாபகம் கேட்காமல் வேறு என்ன கேட்பது? அந்தக் கேள்விக்குப் புத்தகம் வாசித்திருக்கத் தேவையில்லை. அதுதான் அதன் வசதி.

கடை பெயர் விசயமும் தற்செயல் இல்லை. விளம்பரப் பிரிவுக்குக் காசு கட்டாமல் ஒரு கடையின் பெயர் காற்றில் போனால் அடுத்த நாள் அறிவிப்பாளருக்குத்தான் கேள்வி வரும்.

ஒன்று மட்டும் விருந்தினர்களுக்கு. தம்பிமார், கேட்ட கேள்விக்கு "ஓம்", "நிச்சயமாக", "எல்லாருக்கும் நன்றி" என்று பதில் சொன்னால் எந்தக் கொம்பனாலும் பேட்டி எடுக்க முடியாது. புத்தகத்தை இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பி வையுங்கள், கூடவே எந்தப் பக்கத்தைப் பற்றிக் கேட்டால் உங்களுக்கு நிறையச் சொல்ல இருக்கிறது என்று ஒரு துண்டும் வையுங்கள். அறிவிப்பாளர் கும்பிட்டு வாங்கிக்கொள்வார்.

முத்துப்பிரியன்:
சின்ன வயது ஞாபகத்தை இப்படிப் போட்டு அடிக்காதீர்கள் தம்பி. எங்களுக்கு அதுதான் எல்லாம். 1972இல் சிவகாசியில் முத்து கொமிக்ஸ் தொடங்கி முதல் இதழாக, உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரிகிற நாயகனின் கதையான இரும்புக்கை மாயாவி வந்தது. கொழும்புச் செட்டியார் தெருவுக்கு அது வந்து சேர்வதே ஒரு செய்தி. எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது ஒரு பிரதி பத்து வீட்டுக்குப் போகும், அட்டை கழன்று, கடைசிப் பக்கம் கிழிந்து, முடிவு என்னவென்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்லித் திரிந்த காலம் அது.

ஆனால் பென்சில் சொல்வதிலும் ஒரு விசயம் இருக்கிறது. அந்த மாயாவியை வரைந்தவர் ஹேசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர் என்பது எங்களுக்கு எத்தனையோ வருடம் கழித்துத்தான் தெரியும். 1962இல் பிரித்தானியாவின் வேலியன்ட் இதழில் அதன் ஆங்கில மூலக் கதை தொடங்கியபோது அங்கேயும் ஓவியர் பெயர் போடுகிற வழக்கம் இல்லை. அந்தக் கறுப்பு நிழல்களைப் பார்த்துப் பார்த்துக் கொப்பியில் வரைந்தோம், வரைந்த மனிதர் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. அவரை ஒருவர் மைக் முன்னால் உட்கார வைத்து "அந்தக் கை மட்டும் தெரிகிற கட்டத்தை எப்படி யோசித்தீர்கள்" என்று கேட்டிருந்தால் நான் அந்த ஒலிநாடாவை வீட்டை விற்றாவது வாங்கியிருப்பேன். மனைவி இதை வாசிக்க மாட்டா என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இன்னொன்று. பேட்டி என்று பெயர் இல்லாவிட்டாலும் அந்த வேலையைத் தமிழில் செய்துகொண்டிருப்பவர் லயன் கொமிக்ஸ் ஆசிரியர் விஜயன். 1984இல் லயன் தொடங்கிய நாளிலிருந்து இதழுக்குள்ளேயே வாசகரோடு கதைப்பார். பேப்பர் விலை, எந்த நாயகன் விற்கவில்லை, எந்த மொழிபெயர்ப்பு பிந்துகிறது, ஏன் சந்தா கட்டச் சொல்கிறேன், எல்லாம் வெளிப்படையாக. நடுவில் தளர்ந்து 2012இல் பெரிய அளவில் திரும்பி வந்தபோது வாசகர்கள் காசை முன்கூட்டியே கட்டத் தயாராக இருந்ததற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். வியாபாரத்தின் உள்வீட்டைக் காட்டினால் வாசகன் ஓடிவிடுவான் என்று பயப்படுகிறவர்கள் அவருடைய பழைய பக்கங்களை எடுத்துப் பார்க்கட்டும்.

தெஹிவளை மாலா:
நல்ல பேட்டி கேட்டவர்கள் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். கனடாவில் வன்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் வானொலி இருக்கிறது, சிஐடிஆர். அங்கே ரொபின் மக்கொனல் என்பவர் 2005இல் இங்க்ஸ்டட்ஸ் என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கினார். முழுக்கக் கொமிக்ஸ் வரைகிறவர்களோடு மட்டும் பேச்சு. வானொலியில் போகும், பிறகு பொட்காஸ்டாகவும் வரும். அதில் என்னைப் பிடித்தது அவர் புத்தகத்தை வாசித்திருக்கிறார் என்பது. வாசித்தது மட்டும் இல்லை, அந்த ஆள் அதற்கு முன் போட்ட போட்டோக்கொப்பிப் புத்தகத்தையும் வாசித்திருப்பார். சில இடங்களில் திக்குவார், கேள்வி நீண்டு போகும், சிரிப்பு வரும், ஆனால் எதிரில் இருப்பவருக்கு "இவனுக்கு விசயம் தெரியும்" என்று விளங்கியதும் பதில் தானாக நீளும். அந்தப் பேட்டிகளைத் தொகுத்து 2010இல் கொனன்ட்ரம் பிரஸ் என்ற சின்னப் பதிப்பகம் புத்தகமாகவே போட்டது.

அதற்கு முன்னோடி என்றால் எழுத்தில் வந்த கொமிக்ஸ் ஜேர்னல். கேரி குரோத் 1976இலிருந்து நடத்தியது. ஒரே ஆளோடு பத்திரிகையின் பாதிப் பக்கம் போகிற பேட்டிகள். பதிப்பாளர் காசு ஒழுங்காகத் தந்தாரா, மூலப் படங்களைத் திருப்பித் தந்தாரா என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் அப்படிக் கேட்டால் அடுத்த நாள் இரண்டு பேரும் ஒரே கலியாண வீட்டில் சந்திக்க வேண்டியிருக்கும், அதுதான் பிரச்சினை.

ஒலிவாங்கி சொன்ன நாலைந்து நிமிடத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. 1945 ஜூலையில் நியூயோர்க்கில் பத்திரிகை விநியோகம் செய்கிறவர்கள் வேலைநிறுத்தம். ஞாயிறு சித்திரக்கதை வீட்டுக்கு வரவில்லை. நகர மேயர் லகார்டியா நகரசபையின் வானொலியான டபிள்யூஎன்வைசியில் உட்கார்ந்து அந்த வாரச் சித்திரக்கதைகளைப் பிள்ளைகளுக்கு வாசித்தார். கட்டத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லி, குரல் மாற்றி, நடித்தே காட்டினார். அவர் அறிவிப்பாளர் இல்லை, மேயர். அவரால் முடிந்தது என்றால் சம்பளம் வாங்குகிற உங்களால் முடியாதா அண்ணா?

ஒலிவாங்கி:
மேயருக்கு விளம்பரப் பிரிவு இல்லை அக்கா.

பின் அடிக்கிறவன்:
நான் அச்சகத்தில் வேலை. வுல்பெண்டால் பக்கம். சும்மா வாசித்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன், ஆனால் ஒருவரும் அச்சைப் பற்றிக் கதைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

சொந்தமாகக் கொமிக்ஸ் போடுகிற பிள்ளைகள் எங்களிடம் வரும்போது ஐந்தில் நாலு பேருக்குப் பக்கக் கணக்குத் தெரியாது. நடு மடிப்பில் கம்பிப் பின் அடிக்கிற புத்தகம் என்றால் பக்கம் நாலின் மடங்கில் இருக்க வேண்டும், ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம், அவ்வளவுதான் கணக்கு. முப்பது பக்கம் வரைந்துகொண்டு வருவார்கள். ஒன்றில் இரண்டு பக்கம் கூட்ட வேண்டும், இல்லையென்றால் இரண்டைத் தூக்க வேண்டும். கதையின் உச்சக் கட்டத்தைத் தூக்கிவிட்டுப் போன ஆளையும் பார்த்திருக்கிறேன். அடுத்தது, தாள் கூடக்கூட உள்ளே இருக்கிற பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு வரும், வெட்டுகிற மெசினில் அந்த ஓரம்தான் போகும். ஓரத்தில் வசனம் எழுதியிருந்தால் வசனம் போச்சு.

கறுப்பு விசயம் இன்னும் மோசம். கம்பியூட்டர் திரையில் இரவுக் காட்சி கறுகறுவென்று அழகாக இருக்கும். மெல்லிய பேப்பரில் அடித்தால் பின்பக்கம் தெரியும், பின்பக்கத்தில் ஒரு பெண்ணின் முகம் இருந்தால் அவளுக்கு மீசை முளைக்கும். தடித்த பேப்பருக்குப் போனால் விலை. கலர் என்றால் ஓப்செட்டில், அதாவது பிளேட் செய்து அடிக்கிற முறையில், நாலு பிளேட், கறுப்பு மட்டும் என்றால் ஒன்று. நூறு இருநூறு பிரதிக்குப் பிளேட் போடுவது கட்டுப்படியாகாது, பிளேட் இல்லாத டிஜிட்டலில்தான் அடிக்க வேண்டும், ஆனால் டிஜிட்டலில் எத்தனை அடித்தாலும் ஒரு பிரதியின் செலவு பெரிசாகக் குறையாது. ஆயிரம் அடித்தால் ஓப்செட்டில் மலிவு, மீதி எண்ணூறும் கட்டிலுக்குக் கீழே. இதற்கு நடுவில்தான் விலை வைக்க வேண்டும், கடைக்கு விற்பனைக் கழிவும் கொடுக்க வேண்டும்.

2022இல் பேப்பர் இல்லாமல் பள்ளிக்கூடப் பரீட்சையே தள்ளிப்போனது நினைவிருக்கும். அந்த நேரம் எங்களிடம் கொமிக்ஸ் கொண்டு வந்தவர்களை நாங்கள் பார்த்த பார்வை நல்ல பார்வை இல்லை. அதிலும் ஒரு பிள்ளை பக்கத்தைப் பாதியாகக் குறைத்து, அளவையும் சின்னதாக்கி, கிடைத்த பேப்பருக்கு ஏற்றபடி மறுபடி வரைந்துகொண்டு வந்தது. அந்தப் புத்தகம் ஏன் அந்த அளவில் இருக்கிறது என்று இன்றுவரைக்கும் ஒருவரும் அந்தப் பிள்ளையிடம் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால் அதுவே அரைமணி நேரப் பேட்டி.

கொட்டாஞ்சேனைப் பென்சில்:
அண்ணை, உங்களைத்தான் முதலில் பேட்டி எடுக்க வேண்டும்.

ரயில்பாதை:
பேப்பரின் தடிப்பைப் பற்றிக் காலை ஏழு மணிக்கு யார் கேட்பான்?

பின் அடிக்கிறவன்:
காலை ஏழு மணிக்கு ராசிபலன் கேட்கிறவன் கேட்க மாட்டான். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் சொந்தப் புத்தகம் போட நினைக்கிற ஒவ்வொருவனும் கேட்பான், இரண்டு தரம் கேட்பான், எழுதி எடுப்பான். ஏனென்றால் இப்போது இதையெல்லாம் என் கவுன்டரில் நின்று, பின்னால் வரிசை நிற்க, காசு கட்டின பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

யாழினி வெள்ளவத்தை:
இதுவரை எல்லாரும் கொமிக்ஸைப் பற்றிய பேட்டியைக் கதைக்கிறீர்கள். பேட்டியிலிருந்து கொமிக்ஸ் வருவதும் இருக்கிறது. அமெரிக்க ஓவியர் ஆர்ட் ஸ்பீகல்மன், நாஸி வதைமுகாமிலிருந்து தப்பிய தன் அப்பாவின் கதையான மௌஸை வரைய, எழுபதுகளில் அப்பாவின் குரலைத்தான் ஒலிநாடாவில் பிடித்தார். கதைக்குள்ளேயே அந்த ரெக்கோடர் வரும், அதன் விலை அதிகம் என்று அப்பா குறைபடுவதும் வரும். 1992இல் புலிட்சர் விசேட விருது கிடைத்தது, பிறகு 2011இல் மெட்டாமௌஸ் என்று வந்த புத்தகத்தோடு கொடுத்த டிவிடி தட்டில் அந்த ஒலிப்பதிவுகளையே கேட்கலாம். கட்டத்தில் வாசித்த வசனத்தை அதே கிழவரின் வாயால் கேட்கலாம், எங்கே மூச்சு விடுகிறார், எங்கே பேச்சை மாற்றுகிறார் என்று.

எங்கள் கதைக்கு வந்தால் 2019இல் வன்னி என்று ஆங்கிலத்தில் ஒரு சித்திர நாவல் வந்தது. எழுதியது பெஞ்சமின் டிக்ஸ், ஐநாவுக்காக வன்னியில் வேலை செய்தவர். வரைந்தது லின்ட்சே பொலொக். போரில் தப்பி வந்த பலரிடம் எடுத்த நேர்காணல்களைக் கலந்து ஒரு கற்பனைக் குடும்பமாக்கியிருக்கிறார்கள். யாருடைய முகமும் அப்படியே இல்லை, அதுதான் சொன்னவர்களுக்குப் பாதுகாப்பு.

நான் சொல்ல வருவது இதுதான். இங்கே இப்படி ஒரு கதையை வரைகிற ஆளை நேரலையில் உட்கார வைத்து, நடுவில் நேயர் அழைப்பும் எடுத்து, "இது உங்கள் வீட்டில் நடந்ததா" என்று கேட்டால் அந்த ஆள் என்ன செய்யும்? ஓம் என்றாலும் பிரச்சினை, இல்லை என்றாலும் பொய். அதனால் இந்த மாதிரிப் பேட்டி பதிவுசெய்துதான் போட வேண்டும், போடுவதற்கு முன் அந்த ஆளுக்குக் கேட்கக் கொடுக்கவும் வேண்டும் என்பது என் கட்சி.

ஒலிவாங்கி:
பதிவுசெய்வது சரி. முன்கூட்டிக் கேட்கக் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் யாழினி. இன்று கதை வரைகிறவருக்குக் கொடுத்தால் நாளைக்கு மந்திரியின் செயலாளரும் கேட்பார். வெட்டுவது நிலையத்தின் பொறுப்பு, விருந்தினரின் பொறுப்பு இல்லை.

யாழினி வெள்ளவத்தை:
மந்திரியையும் அகதி முகாமில் இருந்து வந்த பிள்ளையையும் ஒரே விதியில் வைக்கிறீர்கள். மந்திரி மைக் முன் வருவது அவருக்குக் கிடைக்கிற அதிகாரத்தோடு. மற்ற ஆளுக்கு அடுத்த நாள் அதே தெருவால் வேலைக்குப் போக வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த ஆள் வரவே மாட்டாது, நீங்கள் பிடித்த பாட்டுத்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஒலிவாங்கி:
பெயரையும் இடத்தையும் மட்டும் எடுக்கச் சொல்லலாம், அந்த அளவுக்கு இறங்கி வருகிறேன். பதிலையே மாற்றச் சொன்னால் இல்லை.

முத்துப்பிரியன்:
இரண்டு பேரும் சரிதான் என்று சொல்ல எனக்கு வயது வந்துவிட்டது, ஆனால் நான் யாழினி பக்கம்.

ஒருவரும் சிரித்திரன் என்ற நகைச்சுவைப் பத்திரிகையைப் பற்றிச் சொல்லவில்லையே. 1963இல் சுந்தர் என்கிற சிவஞானசுந்தரம் இங்கே கொழும்பில் தொடங்கியது, பிறகு யாழ்ப்பாணம் போனது. சவாரித்தம்பர், மைனர் மச்சான் என்ற கேலிச்சித்திரப் பாத்திரங்கள் எல்லாம் அவருடைய கோட்டில் வந்தவை. மகுடி பதில்கள் என்று வாசகர் கேள்விக்குப் பதில் சொல்வார், ஒரு வரிக் கேள்வி, ஒரு வரி அடி. சுயாதீனமாகப் பத்திரிகை நடத்துவது என்றால் என்ன என்று இங்கே ஒருவர் பேட்டித் தொடர் செய்தால் அந்த இதழ்களில் இருந்து தொடங்க வேண்டும். நூலகம் என்ற இணையத்தளத்தில் பழைய இதழ்கள் இருக்கின்றன, செலவில்லாமல் வாசிக்கலாம். அட்டையைப் பார்த்துக் கேள்வி கேட்கிற அறிவிப்பாளர்மாருக்கும் சொல்கிறேன்.

ரயில்பாதை:
சிங்களப் பக்கத்தை மறந்துவிட்டீர்கள். எழுபதுகளில் சத்துட்ட, சித்தர என்று சித்திரக்கதைக்கு மட்டுமே பத்திரிகை வந்து சக்கைபோடு போட்டது இந்த ஊரில்தான். ஓவியர் கமிலஸ் பெரேராவின் சித்திரக்கதை நாயகன் கஜமன் 2023இல் முப்பரிமாணப் படமாகவே வந்தது. அந்தத் துறையில் இருந்த ஓவியர்கள் நுகேகொடையிலும் மஹரகமையிலும் பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருப்பார்கள். தமிழில் ஒருவன் போய், வாராவாரம் இத்தனை பக்கம் எப்படி வரைந்தீர்கள், பக்கத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள், ஏன் அந்தப் பத்திரிகைகள் படுத்தன என்று கேட்கலாம். மொழி பிரச்சினை என்றால் அரைவாசி சிங்களத்திலேயே போகட்டும், கொழும்பில் தமிழ் கேட்கிற ஆளுக்கு அது விளங்கும்.

தெஹிவளை மாலா:
இது நல்ல யோசனை. பத்திரிகை ஏன் படுத்தது என்ற கேள்வியை விடாதீர்கள்.

ரயில்பாதை:
சரி, செய்வதென்றால் எப்படி என்று நான் சொல்கிறேன், ஒலிப்பதிவு கொஞ்சம் தெரியும். ஸ்டூடியோ வேண்டாம். கைத்தொலைபேசி இரண்டு போதும், ஆளுக்கொன்று, வாய்க்குக் கிட்ட. உடுப்பு அலுமாரி இருக்கிற அறை நல்லது, எதிரொலி வராது. மின்விசிறியை நிறுத்துங்கள், வேர்த்தால் வேர்க்கட்டும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க வீடு என்றால் ரயில் நேரம் பார்த்துத் தொடங்குங்கள், என் பெயர் ஏன் இப்படி என்று இப்போது விளங்கும்.

பேச்சுக்கு ஸ்டீரியோ தேவையில்லை. மோனோ, 64 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் ஒரு மணி நேரம் 29 எம்பிக்குள் அடங்கும், டேட்டா கார்ட் போடுகிற ஆளுக்கும் தாங்கும். வட்ஸ்அப்பில் அனுப்பினால் குரல் செய்தியாக இல்லாமல் டொக்கியுமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது நசுக்கிவிடும். படம் காட்ட முடியாது என்கிறவர்களுக்கு இன்னொன்று: எம்பி3க்குள் அத்தியாயம் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வைக்கலாம். அதைக் காட்டுகிற செயலிகளில், பன்னிரண்டாவது பக்கத்தைப் பற்றிக் கதைக்கும்போது பன்னிரண்டாவது பக்கம் திரையில் வரும். காட்டாத செயலியில் கேட்கிறவருக்கு நட்டம் இல்லை, பேச்சிலேயே பக்கத்தை விபரித்திருந்தால்.

தெஹிவளை மாலா:
பேசினதை எழுதியும் போடுங்கள். காது கேளாதவர்கள் வாசிப்பார்கள், தேடினால் அகப்படும், வானொலியில் போனது மாதிரி அன்றோடு காணாமல் போகாது. தட்டச்சு செய்ய நான் இருக்கிறேன், ஆனால் "வந்து", "அதாவது" எல்லாவற்றையும் வெட்டிவிடுவேன், சண்டைக்கு வரக்கூடாது.

யாழினி வெள்ளவத்தை:
புத்தகத்துக்கான சர்வதேச எண்ணான ஐஎஸ்பிஎன் எடுப்பதைப் பற்றியும் ஒரு பகுதி வேண்டும். கொழும்பு 7இல் தேசிய நூலகத்தில்தான் கொடுக்கிறார்கள், எத்தனையோ பேர் அதற்கு ஒரு பெரிய பதிப்பகம் தேவை என்று நினைத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். தனி ஆளும் விண்ணப்பிக்கலாம்.

கொட்டாஞ்சேனைப் பென்சில்:
அப்போ தொடங்குவோம். ஓவியர் ஒருவரையும் இப்போதைக்குக் கூப்பிடவில்லை. முதல் ஆள் பின் அடிக்கிற அண்ணைதான். கேள்வி கேட்பது நான், பதிவு ரயில்பாதை, எழுத்து மாலா அக்கா. ஒலிவாங்கி அண்ணா வெட்டித் தர வேண்டும், நிலையத்துக்குத் தெரியாமல். அண்ணை, அச்சகத்துக்கே வரலாமா? மெசின் சத்தம் பின்னால் கேட்டால் நன்றாக இருக்கும்.

பின் அடிக்கிறவன்:
மெசின் ஓடும்போது வந்தால் நான் சொல்வது எனக்கே கேட்காது. சத்தம் வேண்டுமென்றால் முதல் நாள் பின்னேரம் வந்து அதை மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டு போங்கள். ஆளோடு கதைக்க போயா விடுமுறைக்கு வாருங்கள், அச்சகம் பூட்டு, முதலாளியும் இருக்க மாட்டார். முப்பது பக்கம் வரைந்த ஆள் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், இரண்டு பக்கத்தை எங்கே கூட்டுவது என்று மைக் முன்னாலேயே பார்ப்போம். ஆனால் மற்ற அச்சகம் என்ன விலை சொல்கிறது என்று கேட்டால் நான் எழும்பிப் போய்விடுவேன்.

ஒலிவாங்கி:
அதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும் பென்சில். அவர் எழும்பிப் போகிற சத்தத்தையும் நான் வெட்ட மாட்டேன்.